சுற்றி நிற்கும் நாற்பது பேர்

பள்ளியில் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் தொடர்ந்து வதைக்கிறார்கள் என்று புகார் வந்தால், விசாரணை பெரும்பாலும் இரண்டு பேரோடு முடிந்துவிடும். செய்தவன் யார், பட்டவன் யார்? செய்தவனுடைய பெற்றோரை வரவழைத்துக் கண்டிப்பார்கள். இன்னொரு முறை நடந்தால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்பார்கள். பட்டவனிடம், நீயும் கொஞ்சம் தைரியமாக இருக்கப் பழகு என்று சொல்லி அனுப்புவார்கள். வகுப்பில் மீதி நாற்பது பேர் இருந்தார்களே, அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. எழுந்தாலும் அவர்களைச் சாட்சிகளாக மட்டுமே கூப்பிடுவார்கள். பட்டப்பெயர், தள்ளிவிடுதல், டிபன் பாக்ஸைப் பிடுங்குதல், யாரும் பேசக் கூடாது என்று ஒதுக்கிவைத்தல், சாதியைச் சொல்லி இழிவுபடுத்துதல் என்று பல உருவில் வரும் பகடிவதையை அந்த நாற்பது பேரிடமிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளில் மிகவும் வலுவான முடிவு என்று எனக்குப் படுவது அதுதான். நம் பள்ளிகள் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டதும் அதையேதான்.

கனடாவில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் பள்ளி விளையாட்டுத் திடல்களில் கேமராவையும், பிள்ளைகளின் உடையில் சிறு மைக்கையும் வைத்து, நடப்பதை நடக்கிறபடியே பதிவு செய்தார்கள். பிள்ளைகளிடம் படிவம் கொடுத்துக் கேட்பதைவிட நம்பகமான வழி இது. கேட்டால் யாரும் தன்னை வேடிக்கை பார்த்தவன் என்று எழுதுவதில்லை. 2001-ல் அவர்கள் குழு வெளியிட்ட முடிவின்படி, 88 விழுக்காடு நிகழ்வுகளில் மற்ற பிள்ளைகள் உடனிருந்தார்கள். 19 விழுக்காட்டில்தான் யாராவது ஒருவர் குறுக்கிட்டார். ஆனால் அப்படிக் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், 57 விழுக்காடு, பத்தே விநாடியில் வதையை நிறுத்திவிட்டன. பெரிய வீரம் எதுவும் தேவைப்படவில்லை. 'விடுடா' என்ற அளவிலான ஒரு சொல்லே பல நேரம் போதுமானதாக இருந்தது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஏறத்தாழ இதே முடிவுக்கு வேறு இரண்டு நாட்டு ஆய்வாளர்கள் தனித்தனியே வந்து சேர்ந்தார்கள். ஜப்பானிய சமூகவியலாளர் மொரிட்டா யோஜி 1980-களில் வகுப்பறையை நான்கு அடுக்காகப் பிரித்தார்: வதைப்பவர், வதைபடுபவர், சிரித்து ஆரவாரிப்பவர், கண்டும் காணாததுபோல் இருப்பவர். ஒரு வகுப்பில் வதை எவ்வளவு நடக்கும் என்பது அங்கே எத்தனை முரடர்கள் இருக்கிறார்கள் என்பதைவிட, நான்காவது அடுக்கு எவ்வளவு பெரியது என்பதோடு நெருக்கமாகப் பொருந்தியது. பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1996-ல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், உங்கள் வகுப்பில் யார் யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று விசாரித்து, துணைபோகிறவர், உற்சாகப்படுத்துகிறவர், ஒதுங்குகிறவர், காப்பாற்ற வருகிறவர் என்று பாத்திரங்களை வகுத்தார்கள். பெரும்பாலான பிள்ளைகளை இவற்றில் ஏதோ ஒன்றில் அடையாளம் காண முடிந்தது. ஒதுங்கி நிற்பதாக நினைத்துக்கொள்கிறவருக்கும் அதில் ஒரு பாத்திரம் உண்டு.

ஏன் இப்படி? வதைக்கும் பிள்ளை தாழ்வு மனப்பான்மையில் துடிக்கிறது, அன்பு கிடைக்காமல் ஏங்குகிறது என்றொரு விளக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. இத்துறையின் முன்னோடியான டான் ஓல்வியஸ் அதைத் தேடிப் பார்த்தார். முரட்டுத் தோற்றத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் பதற்றம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பின்வந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்: அந்தப் பிள்ளை தேடுவது வகுப்பில் ஓர் இடம், ஒரு கெத்து. அதனால்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அவ்வளவு கணக்கு இருக்கிறது. தட்டிக் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவனைத்தான் தொடுவான். புதிதாகச் சேர்ந்தவன், திக்கிப் பேசுகிறவன், உடல் பருத்தவள், நடையுடையில் மற்ற பையன்களைப் போல் இல்லாதவன், ஊரில் கீழே வைக்கப்பட்ட தெருவிலிருந்து வருகிறவன். யாருமே பார்க்காத இடத்தில் இவர்களை வதைப்பதால் வகுப்பில் எந்த மதிப்பும் உயர்வதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தியின் படத்தைப் போட்டுக் கிண்டலடிக்கும்போது விழுகிற சிரிப்பு எமோஜிகள்தாம் அதன் கூலி. கூலி கொடுப்பவர்கள் சுற்றி இருப்பவர்கள்.

இதெல்லாம் எல்லாக் காலத்திலும் இருந்ததுதானே, பிள்ளைகள் இப்படித்தான் உலகத்தைக் கற்றுக்கொள்வார்கள் என்பது முதல் மறுப்பு. இருவர் சமபலத்தில் மோதிக்கொண்டு மறுநாள் ஒன்றாகக் கிரிக்கெட் ஆடுவதைப் பற்றியது என்றால் அது சரி. பகடிவதை என்பது பலம் சமமில்லாத இடத்தில், திரும்பத் திரும்ப நடப்பது. அது யாரையும் உரமேற்றுவதில்லை என்பதற்குப் பிரிட்டனில் நீண்டகாலச் சான்று இருக்கிறது. அங்கே 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்து வருகிறார்கள். ஏழு வயதிலும் பதினோரு வயதிலும் வதைபட்டதாகப் பெற்றோர் சொன்ன பிள்ளைகள் ஐம்பது வயதை ஒட்டி எப்படி இருந்தார்கள் என்று 2014-ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 7,771 பேரின் தரவு. அடிக்கடி வதைபட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் கூடுதலாக இருந்தன. உடல்நலமும் வருமானமும் குறைவாக இருந்தன. குடும்ப வறுமை, குழந்தையின் அறிவுத்திறன் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் வேறுபாடு நின்றது. நாற்பது ஆண்டு கழித்தும் ஆறாத ஒன்றைப் பயிற்சி என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு கண்டிப்பின் பக்கமிருந்து வருகிறது: நான்கு பேரைப் பள்ளியை விட்டு நீக்கினால் மற்றவர்கள் அடங்குவார்கள். அமெரிக்கா இதை 1990-களிலிருந்து பெரிய அளவில் செய்து பார்த்தது. சிறு மீறலுக்கும் பெரிய தண்டனை என்ற அந்தக் கொள்கையை அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2008-ல் மதிப்பிட்டு, பள்ளிகள் அதனால் பாதுகாப்பாயின என்பதற்குச் சான்று இல்லை என்றது. தண்டனை பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வெட்டுக் காயம், பாலியல் தாக்குதல், வன்கொடுமை என்று வரும்போது அது சட்டத்தின் வேலை. பள்ளி அதை மூடி மறைப்பதே குற்றம். ஆனால் நாள்தோறும் நடக்கிற, தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரிகிற நூறு சீண்டல்களுக்கு டி.சி. ஒரு கருவியே ஆகாது. தண்டனை அவ்வளவு பெரியதென்றால் ஆசிரியரும் புகாரைப் பதிவு செய்யத் தயங்குவார், பட்டவனும் வாய் திறக்க அஞ்சுவான். வதைத்தவனை அனுப்பிவிட்டாலும் அந்த இடம் காலியாக இருக்காது. பார்வையாளர்கள் அப்படியே இருக்கிறார்களே.

அப்படியானால் எது வேலை செய்திருக்கிறது? 1982-ன் இறுதியில் வடக்கு நார்வேயில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். சக மாணவர்களின் வதையே காரணம் என்று கருதப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. பெர்கன் நகரில் ஓல்வியஸ் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களை ஆராய்ந்து, வதை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று காட்டினார். இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுபவர்கள் பலர். அதே இயக்கத்தை ரோகலாண்ட் பகுதியில் மூன்றாண்டு கழித்து அளந்தபோது அப்படிப்பட்ட குறைவு தென்படவில்லை. திட்டத்தில் உண்மையாக ஈடுபட்ட பள்ளிகளில் மட்டும் நிலைமை மற்றவற்றைவிட மேலாக இருந்தது. பெர்கனில் ஆய்வாளர் பள்ளிகளோடு நெருங்கி நின்றார். ரோகலாண்டுக்குப் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் அச்சிட்ட பொருள்கள். நம் ஊரில் சுற்றறிக்கையை அனுப்பிவிட்டுத் திட்டம் நடக்கிறது என்று நம்புகிற அலுவலகங்கள் கவனிக்க வேண்டிய ஒப்பீடு இது. பின்லாந்து 2006-ல் துர்க்கு பல்கலைக்கழகத்திடம் கேட்டு வாங்கிய 'கிவா' திட்டம் பார்வையாளர்களையே நேரடியாகக் குறிவைத்தது. சோதனைக் கட்டத்தில் நல்ல விளைவு. 2009-லிருந்து நாடு முழுதும் விரிந்தபோது விளைவு சுருங்கி, வதைபடுவது 15 விழுக்காடு அளவில் குறைந்தது. உலகெங்கும் நடந்த நூறு மதிப்பீடுகளைத் தொகுத்து 2019-ல் வந்த ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது: வதைப்பது 19-20 விழுக்காடும், வதைபடுவது 15-16 விழுக்காடும் குறைகின்றன. ஒழித்துவிடலாம் என்று சொல்பவரை நம்பத் தேவையில்லை. ஆனால் வதைபட இருந்த ஆறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஒரு பிள்ளை தப்புகிறது என்றால் அது சிறிய செய்தியும் அல்ல.

என் வாதத்துக்கே எதிராக நிற்கும் ஒரு சான்றும் உண்டு. மரியா தொஃபியும் டேவிட் ஃபேரிங்டனும் 2011-ல் செய்த தொகுப்பாய்வில், பெற்றோர் கூட்டம், இடைவேளையில் மேற்பார்வை, உறுதியான ஒழுங்கு ஆகியவை நல்ல விளைவோடு சேர்ந்திருந்தன. சக மாணவர்களை நடுவராக, வழிகாட்டியாக நியமித்த திட்டங்களில் வதைபடுவது கூடியிருந்தது. பார்வையாளர்தான் திறவுகோல் என்றால் இது எப்படி? விடை, சக மாணவர்களிடம் என்ன கேட்டார்கள் என்பதில் இருக்கிறது. சமரசம் செய்துவைப்பது பெரியவர்களின் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் கட்டுவது. அதைவிட மோசம், பலம் சமமில்லாத இருவரைச் சமமானவர்களாக்கி எதிரெதிரே உட்கார வைப்பது. நம் பள்ளிகளில் இதன் நாட்டு வடிவம் எல்லோருக்கும் தெரியும்: தலைமையாசிரியர் அறையில், இரண்டு பேரும் கை கொடுத்துக்கொள்ளுங்கள், இனிமேல் அண்ணன் தம்பியாக இருக்க வேண்டும் என்பார்கள். வெளியே வந்ததும் நடப்பதைச் சொல்லத் தேவையில்லை. கிவா கேட்பது வேறு. பயிற்சி பெற்ற ஆசிரியர் குழு ஒன்று முதலில் பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசும். பிறகு செய்தவர்களை ஒருவர் பின் ஒருவராக அழைக்கும். என்ன மாற வேண்டும் என்று முடிவு செய்து, இன்ன நாளில் மீண்டும் பார்ப்போம் என்று தேதி குறிக்கும். இதோடு, வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பிள்ளைகளை வகுப்பாசிரியர் அழைத்து, அவன் பக்கத்தில் சாப்பிட உட்காருங்கள், பஸ் ஸ்டாப் வரை கூடப் போங்கள் என்ற அளவில் கேட்டுக்கொள்வார். யாரும் யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை. கேட்க ஆளில்லாதவன் என்ற பெயர் அந்தப் பிள்ளையை விட்டு நீங்கினால் போதும்.

வளர்ந்த மாணவர்களிடம் இதுவும் எளிதில் செல்லாது. எட்டாம் வகுப்பிலிருந்து பெரும்பாலான திட்டங்களின் விளைவு பூஜ்யத்துக்கு இறங்கிவிடுகிறது என்று டேவிட் யேகர் குழுவின் 2015 தொகுப்பாய்வு சொல்கிறது. கேலி தவறு என்று பதினைந்து வயதுப் பையனுக்கு வகுப்பெடுத்தால், அந்த வகுப்பையே அவன் கேலி செய்வான். ஆனால் நியூஜெர்சி மாநிலத்தின் 56 நடுநிலைப் பள்ளிகளில், 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடையே எலிசபெத் பாலக் குழு நடத்திய சோதனை இன்னொரு கதவைத் திறந்தது. பள்ளிக்கு இருபது முப்பது மாணவர்களைத் தேர்ந்து, தங்கள் பள்ளியில் எது மாற வேண்டும் என்பதை அவர்களே சொல்லவும் செய்யவும் விட்டார்கள். ஓராண்டில் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மோதல்கள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தன. தேர்ந்தெடுத்தவர்களில், மற்றவர்கள் அதிகம் நேரம் செலவிட விரும்புகிற மாணவர்கள் கூடுதலாக இருந்த பள்ளிகளில் விளைவும் கூடுதல். அவர்கள் ஆசிரியருக்குப் பிடித்த, முதல் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் பள்ளிகளில் எந்தக் குழு அமைத்தாலும் வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவரைத் தலைவராக்கும் பழக்கம் இங்கே உதவாது.

தமிழ்நாட்டில் இந்த வாதம் ஒரு கடினமான இடத்தில் முட்டும். வகுப்பறைக்குள் யார் மேல், யார் கீழ் என்ற வரிசையை இங்கே பிள்ளைகள் தாங்களே உண்டாக்குவதில்லை. பல இடங்களில் அது ஊரிலிருந்து ஆயத்தமாக வருகிறது. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பட்டியல் சாதி மாணவர் ஒருவர், சக மாணவர்களின் தொல்லையால் பள்ளிக்கு வராமல் இருந்தார். பள்ளி விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். புகார் எழுந்ததைத் தொடர்ந்து, இரவில் வீடு புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். இதன்பின் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, அகர வரிசையில் இருக்கை, ஆசிரியர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் இடமாற்றம், மாணவர் நலனுக்குத் தனி அலுவலர் என்று பல பரிந்துரைகள். விவாதம் கயிற்றிலேயே சிக்கிக்கொண்டது. 2019-ல் பள்ளிக் கல்வித் துறையின் சுற்றறிக்கை ஒன்று கயிற்றைத் தடுக்க முயன்றபோதும் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய அமைச்சரே அதைக் கைவிட்டார்.

கயிற்றை அவிழ்த்தால் சாதி போய்விடுமா என்று கேட்கிறார்கள். போகாது. ஆனால் கேள்வி அதுவன்று. கயிறு என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு சண்டை தொடங்கும் கணத்தில் யார் பக்கம் யார் நிற்க வேண்டும் என்பதை அது முன்கூட்டியே அறிவிக்கிறது. சிவப்போ மஞ்சளோ கட்டியவன் தனியாள் இல்லை, அவன் பின்னால் ஒரு கூட்டம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். வேறு நிறம் கட்டியவன் அந்தக் கூட்டத்தை மீறி 'விடுடா' என்று சொன்னால் அது துரோகமாகிவிடும். கனடாவில் பத்து விநாடியில் வேலை செய்த சொல்லை இங்கே வாயிலிருந்தே வரவிடாமல் செய்வது இந்த முன்னறிவிப்புதான். அகர வரிசை இருக்கையும் இப்படித்தான்: கடைசி பெஞ்ச் ஒரே தெருவின் சொத்தாக இல்லாமல் போகிறது. பார்வையாளர்களை ஆயத்த அணிகளிலிருந்து பிரித்து, தனித்தனி மாணவர்களாக்குவது என்று இந்தப் பரிந்துரைகளைப் படித்தால், அவை அடையாளச் சடங்கு என்ற குற்றச்சாட்டு நிற்காது. ஊரையே மாற்றாமல் பள்ளியை மாற்ற முடியாது என்பவர்களுக்கும் இதுவே பதில். ஊர் வரிசை பள்ளிக்குள் வந்து செல்லுபடியாவதற்கு ஒரு மேடை வேண்டும். அந்த மேடையைப் பள்ளி கொடுக்காமல் இருக்கலாம். நாங்குநேரி காட்டிய இன்னொன்று, புகாரைக் கையாளும் முறை. சொன்னவர் யார் என்பது அன்றே வெளியில் தெரியும்படி விசாரிப்பது, அவரைத் தனியாக அரிவாளின் முன் நிறுத்துவதற்குச் சமம்.

பார்வையாளர்களில் முதலாமவர் ஆசிரியர்தான். 1985-ல் டோக்கியோவின் நக்கானோ பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில், வதைபட்டுவந்த மாணவன் இறந்துவிட்டதாகப் பாவித்து வகுப்பே ஒரு போலி ஈமச் சடங்கு நடத்தியது. மேசையில் பூவும் ஊதுபத்தியும். எல்லோரும் கையொப்பமிட்ட இரங்கல் அட்டை. அதில் நான்கு ஆசிரியர்களின் கையொப்பமும் இருந்தது. 1986 பிப்ரவரியில் அந்த மாணவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். விளையாட்டு என்று நினைத்தோம் என்றார்கள். அந்த ஆசிரியர்கள் கொடூரர்கள் என்பதைவிட, வகுப்பின் சிரிப்பில் சேர்ந்துகொள்வது அவர்களுக்கும் எளிதாக இருந்தது என்பதே அச்சமூட்டுகிறது. நம் வகுப்புகளில் கறுப்பாக இருப்பவனையும் மெதுவாகப் படிப்பவனையும் வைத்து ஆசிரியர் அடிக்கும் நகைச்சுவைக்குச் சிரிக்காத பிள்ளை உண்டா? கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூன்றில் இருவர் உடல் தண்டனை பெற்றதாகச் சொன்னார்கள். யாரை இழிவுபடுத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதைப் பிள்ளைகள் முதலில் படித்துக்கொள்வது ஆசிரியரின் மேசைக்கு முன்னால்தான்.

இத்தனை வேலைக்கு ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், எமிஸ் தகவல் தளப் பதிவேற்றமும் தேர்தல் பணியும் பார்க்கும் ஆசிரியருக்கு நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. தனி அலுவலர் வேண்டும் என்ற பரிந்துரை அதனால்தான் முக்கியமானது. அதற்குப் பணம் செலவாகும். செலவில்லாத ஒரு மாற்றமும் உண்டு, அது கணக்கெடுக்கும் முறை. ஜப்பானியக் கல்வி அமைச்சகம் 2005 வரை, நடந்தது என்று உறுதியான வதைகளை எண்ணியது. அவ்வாண்டு எண்ணிக்கை சுமார் 20 ஆயிரம். அடுத்த ஆண்டு முதல், பட்ட பிள்ளை வதையாக உணர்ந்ததைப் பள்ளி அறிந்துகொண்ட எண்ணிக்கையைக் கேட்டது; அது ஒரேயடியாக 1 லட்சத்து 25 ஆயிரமாயிற்று. 2013-ல் தனிச் சட்டமும் வந்தது. 2023-ல் எண்ணிக்கை 7 லட்சத்து 32 ஆயிரத்தைத் தாண்டியது. அங்கே வதை பெருகிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. முன்பு கண்ணை மூடிக்கொண்டிருந்த பள்ளிகள் இப்போது பார்க்கின்றன என்றே அமைச்சகம் படிக்கிறது. நம் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நாற்பது புகார்களை அனுப்பும் தலைமையாசிரியர் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். புகார் எதுவும் இல்லை என்று எழுதுபவருக்கு நல்ல பெயர். ஜப்பானில் பூஜ்யம் என்று எழுதும் பள்ளி, எங்களிடம் ஒரு நிகழ்வும் இல்லை என்பதைத் தன் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வெளிப்படையாக அறிவித்து, இது சரிதானா என்று அவர்களையே கேட்க வேண்டும்.